முன் கண்ணாடி ஓரம் நிற்பவளிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வயது 21. கோலாலம்பூர், செத்தாபாக்கில் வீடு. அறிவியல் புனைகதை, சுருக்கமாக அறிபுனை, கையில் கிடைத்துவிட்டால் பசி தெரியாது. கல்யாணப் பந்தியில், மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) மேசையில், பல்கலைக்கழக நூலகப் படிக்கட்டில் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், கூடப் படிப்பவர்கள் எல்லாரும் கேட்டதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அறிபுனை என்றால் ராக்கெட், ரோபோ, வேற்றுக்கிரகவாசி, இவ்வளவுதானே?

அவையும் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால் அறிபுனை முழுவதும் தமிழின் 'ஆல்' விகுதிக்குள் இருக்கிறது. மழை பெய்தது என்றால் அது செய்தி. மழை பெய்தால் என்றால் குடை எடுத்துக்கொள்ள வேண்டும். மழைக்கும் மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டியிருந்தால்? கட்டத் தவறிய வீட்டுக் கூரையை மட்டும் மேகம் ஒதுக்கிவிட்டுப் போனால்? பக்கத்து வீட்டு அக்கா தன் மழையில் இரண்டு வாளி கடன் தருவாரா, அல்லது ஜன்னலைச் சாத்திக்கொள்வாரா? இதோ, கதை வந்துவிட்டது. மேகத்தை விரட்டுகிற கருவி எப்படி வேலை செய்கிறது என்பது ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். மீதி முழுக்க அந்த அக்காதான். எனக்குப் பிடித்த கதைகள் எல்லாம் இப்படிப்பட்டவை.

எல்.ஆர்.டி. ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் உட்காராமல் முன்னால் போய் நிற்கிறாயே, ஏன்?

கிளானா ஜெயா வழித்தட ரயிலில் ஓட்டுநர் இல்லை. ஆகவே முதல் பெட்டியின் முன் கண்ணாடி பயணிகளுக்கே சொந்தம். 1998 செப்டம்பரில் அந்த வழித்தடத்தின் முதல் பகுதி திறந்த நாளிலிருந்தே இப்படித்தான். நான் பிறப்பதற்கு முன்பே இந்த ஊரில் தானே ஓடும் ரயில் வந்துவிட்டது. அதில் ஏறி எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

வங்சா மாஜுவில் ஏறினால் டாமாய் வரை உயரத் தூண்களின் மேல் பயணம். மாடிகளில் காயும் துணி, தகரக் கூரை, தூரத்தில் இரட்டைக் கோபுரம். டாமாயைத் தாண்டியதும் பாதை சரியத் தொடங்கும். முன்னே சுரங்கத்தின் வாய் கறுப்பாகப் பெரிதாகிக்கொண்டே வரும். உள்ளே நுழைந்த அந்த நொடியில் கண்ணாடியில் ஊர் மறைந்து என் முகம் தெரியும், அந்த முகத்துக்குள் பச்சையும் சிவப்புமாக விளக்குகள் ஓடும். அம்பாங் பார்க், கே.எல்.சி.சி., கம்போங் பாரு, டாங் வாங்கி, மஸ்ஜித் ஜாமெக் என்று ஐந்து நிலையங்கள் பூமிக்கடியில். அப்புறம் ஓர் ஏற்றம். பசார் செனிக்குச் சற்று முன்னால் வெளிச்சம் முகத்தில் வந்து விழும், பக்கத்தில் கிளாங் ஆறு ஓடும்.

முன்னால் நின்றால் இன்னொன்றும் பார்க்கலாம். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே தட்டையான உலோகப் பட்டை ஒன்று கூடவே வரும். சாதாரண மின்மோட்டாரை வெட்டி, சப்பாத்தி மாதிரி விரித்துப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் ஒரு பாதி ரயிலுக்கு அடியில் இருக்கிறது, மறு பாதி அந்தப் பட்டை. காந்தப்புலம் அலையாக ஓட, ரயில் அந்தப் பட்டையைத் தள்ளிக்கொண்டு முன்னே போகிறது. சக்கரத்துக்கு எடையைத் தாங்குவதும் வழி பிசகாமல் போவதும்தான் வேலை. சக்கரத்தின் பிடிப்பை நம்பியிராததால்தான் அந்த ஏற்றத்தில் ஈரத்திலும் வழுக்காமல் ஏறுகிறது.

ஒருநாள் பக்கத்தில் ஐந்து வயதிருக்கும் ஒரு பையன் வந்து நின்றான். "அக்கா, யாரு ஓட்டுறா?" என்றான். யாரும் ஓட்டவில்லை, அதுவே ஓடுகிறது என்றேன். சுரங்க இருட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அது நம்மளப் பாக்குதா?" என்று கேட்டான். மஸ்ஜித் ஜாமெக்கில் அவன் அம்மாவோடு இறங்கும்வரை எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை அதைவிட நல்ல அறிபுனை வரி ஒன்றை நான் எழுதவில்லை.

இதையெல்லாம் நம் முன்னோர் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள் இல்லையா?

சித்தப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்கும் கேள்வி. அவர் காட்டுவது புறநானூற்றின் 27ஆம் பாட்டு. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் அதில் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்கிறார். வலவன் என்றால் ஓட்டுபவன். தாம் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துப் புகழோடு போனவர்கள், ஓட்டுபவன் இல்லாமல் வானில் செல்லும் ஊர்தியை அடைவார்கள் என்று சொல்வார்கள், இதுதான் அந்த வரியின் பொருள்.

இதை வைத்துக்கொண்டு நம்மிடம் அப்போதே விமானம் இருந்தது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அப்படிச் சொன்னால் புலவரின் பெருமை குறைந்துபோகும். கண்ணால் பார்த்ததை எழுதுவதில் என்ன இருக்கிறது? அவர் பார்த்த தேர் ஒவ்வொன்றிலும் பாகன் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பாகனை மனத்துக்குள் இறக்கிவிட்டு, தேரை மட்டும் மேலே அனுப்பினார் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிது. ஒருமுறை டாமாய்ச் சரிவில் ரயில் இறங்கும்போது அந்த நான்கு சொற்களும் தாமாக நினைவுக்கு வந்தன. புல்லரித்துப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சரி, ஆனாலும் இது மேல்நாட்டுச் சரக்குதானே? நமக்கு எதற்கு?

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. மனிதர் எழுதி வைத்திருக்கும் வரலாற்றில் அதைவிடப் பெரிய வெடிப்பு இல்லை. ஜாவாவில் அதைப் பீரங்கிச் சத்தம் என்று நினைத்துப் படையையே கிளப்பிவிட்டார்கள். 2000 கிலோமீட்டருக்கு அப்பால் சுமத்ராவிலும் கேட்டது. மலாக்கா நீரிணையின் அந்தக் கரை சுமத்ரா, இந்தக் கரை நாம்.

எரிமலை கக்கியது மேல் வளிமண்டலத்தில் பரவி வெயிலை மறைத்தது. மறு ஆண்டு, 1816இல், ஐரோப்பாவுக்குக் கோடைகாலமே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் விடுமுறைக்கு வந்த சில நண்பர்கள் ஓயாத மழையில் வீட்டுக்குள் அடைபட்டார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பேச்சு வந்தது. அந்தக் கூட்டத்திலிருந்த 18 வயதுப் பெண் மேரி ஷெல்லி. அவர் தொடங்கிய கதைதான் 1818இல் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலாக வந்தது. முதல் அறிபுனை நாவல் என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

நம் வட்டாரத்து எரிமலைச் சாம்பலில் முளைத்த விதை அது, எழுதத் தொடங்கியவருக்கு என்னைவிட மூன்று வயது குறைவு. அதை மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கால இயந்திரம் உண்மையிலேயே சாத்தியமா?

பின்னால் போக வழி தெரியவில்லை. முன்னால் போகும் இயந்திரத்தில் இந்த நாடே ஒருமுறை ஏறியிருக்கிறது. 1982 பிறந்த இரவில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். சபா, சரவாக்கோடு சேர்த்து நாடு முழுவதும் ஒரே நேரம் வர வேண்டும் என்பதற்காக. அதுவரை கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தோம், அன்றிலிருந்து எட்டு மணி நேரம். நடுவிலிருந்த அந்த அரை மணி நேரத்தில் யாரும் வாழவில்லை.

என் பாட்டி அப்போது காஜாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து ஓட்டம் நின்றுபோகும். ஆகவே பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) எப்போதும் இருட்டில்தான் போய் நிற்பார்கள். கடிகாரம் மாறிய அந்த வாரம் அதே மணிக்குப் பெரட்டு, இருட்டு மட்டும் அரை மணி நேரம் கூடுதல். மரத்தில் கட்டியிருக்கும் மங்கு, அதாவது பால் வடியும் கிண்ணம், எங்கே என்று கையால் தடவிக் கண்டுபிடித்தாராம். "கடிகாரத்தத் தள்ளி வச்சாங்க கண்ணு. சூரியன யாரு தள்ளுறது?" என்பார். அவருடைய அம்மா இதைவிடப் பெரிய தாவலைப் பார்த்தவர். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை மலாயாவின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்தில் ஓடின, அதாவது ஒன்றரை மணி நேரம் முன்னால்.

பாட்டி சொன்னது எவ்வளவு சரி என்று நீங்களே பார்க்கலாம். மார்ச் 28 வாக்கிலும் செப்டம்பர் 15 வாக்கிலும் கோலாலம்பூரில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வரும். நானும் பாட்டியும் ஒரு மார்ச் மாதம் காலி மைலோ டின் ஒன்றை வாசல் சிமெண்டுத் தரையில் வைத்துக் காத்திருந்தோம். பன்னிரண்டு மணிக்குப் பக்கவாட்டில் நல்ல நீளத்துக்கு நிழல் கிடந்தது. ஒரு மணிக்கு விரல் அகலம். 1.15 தாண்டியதும் நிழல் டின்னுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. சுற்றிலும் வெறும் வெயில். பாட்டி குனிந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இதான் எங்க பன்னண்டு மணி" என்றார். நம் கைக்கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்திக்கொண்டு ஓடுகிறது. நாம் அதில்தான் தினமும் பசியாறுகிறோம்.

மழை வந்தால் டிவி நின்றுபோகிறதே, அதற்கும் ஒரு அறிபுனைக் கதை வைத்திருப்பாயே?

இருக்கிறது, அம்மா! (கேட்டது அம்மா. தொடர் நாடகத்தின் நடுவில்.)

இலங்கையில் குடியேறி வாழ்ந்த அறிபுனை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், அங்கே போவதற்குப் பல ஆண்டுகள் முன்னால், 1945இல், 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளை நிறுத்தினால், அது பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றும், கீழேயிருந்து பார்த்தால் அசையாமல் நிற்கும், மூன்று கோள்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று. அப்போது ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை. மலேசியாவின் முதல் செயற்கைக்கோள் மியாசாட் 1996இல் அந்த வட்டத்துக்குத்தான் போனது. நாம் பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் கோள் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கிறது. ஐரோப்பாவில் டிஷ் அடிவானத்தின் பக்கம் சாய்ந்து பார்க்கும். நம் கூரை டிஷ் அண்ணாந்து பார்க்கிறது.

மழை விஷயத்துக்கு வருகிறேன். கோளிலிருந்து டிஷ்ஷுக்குப் படத்தைக் கொண்டுவரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கனத்த மழைத்துளிகள் அதை விழுங்கும், சிதறவும் அடிக்கும். அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வெற்றிடத்தைக் கடந்து வந்த படம், செத்தாபாக் வானத்தின் கடைசி நாலைந்து கிலோமீட்டர் மழையில் தொலைந்துபோகிறது. திரை நீலமாகும்போது நான் வாசலுக்குப் போய் அந்த மழையைத்தான் பார்ப்பேன்.

கோலாலம்பூரில் எங்கே போனால் அறிபுனைக்குள் நடந்த மாதிரி இருக்கும்?

என் முதல் பதில் ஸ்மார்ட் சுரங்கப்பாதை. 2007இல் திறந்தது, 9.7 கிலோமீட்டர். அதன் நடுவே சுமார் 4 கிலோமீட்டர் இரண்டு அடுக்குச் சாலை. சாதாரண நாளில் கார்கள் ஓடும். நடுத்தர மழையில் சாலைக்கு அடியில் இருக்கும் கால்வாயில் வெள்ளம் போகும், மேலே கார்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பெருமழை வந்தால் வண்டிகளை வெளியேற்றிவிட்டுக் கதவுகளைத் திறக்கிறார்கள், சாலையே ஆறாகிவிடும். வெள்ளம் வடிந்ததும் கழுவிவிட்டு மறுபடியும் சாலை. இரண்டு ஆறுகள் கூடும் சேற்றுமுகத்தில் பிறந்த ஊர் இது, அந்தச் சேற்றுமுகத்தைக் காப்பாற்றப் பூமிக்கடியில் மூன்றாவது ஆறு ஒன்றை மடித்து வைத்திருக்கிறார்கள். அப்பா காரில் அதற்குள் போகும்போது நான் பேசவே மாட்டேன்.

அடுத்து தேசியக் கோளரங்கம், தாவரவியல் பூங்கா பக்கம் மேட்டின்மேல் இருக்கும் நீலக் குவிமாடம். பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள், பெரியவர்களான பிறகு தனியாகப் போய்ப் பாருங்கள்.

வெளிச்சம் நிறைந்த இந்த ஊரில் நட்சத்திரம் தெரியுமா?

கொஞ்சம்தான். ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரி முதல் பாதியிலும் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தலைக்கு நேர் மேலே பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரம், வேட்டைக்காரன் (ஓரியன்) என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப்பட்டை. மற்றபடி மேகம் விட வேண்டும்.

இப்போது எதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறாய்?

செவ்வாய் கிரகத்தில் தைப்பூசம் எப்போது என்று.

சிரிக்க வேண்டாம், இதற்கு முன்மாதிரி உண்டு. 2007 அக்டோபரில் டாக்டர் ஷேக் முஸாபார் சுக்கோர் மலேசியாவின் முதல் விண்வெளி வீரராகப் போனபோது ரமலான் மாதம். விண்வெளி நிலையத்தில் ஒரு நாளைக்கு 16 முறை சூரியன் உதிக்கும். ஐந்து வேளைத் தொழுகையை எந்த நேரத்தில் வைப்பது, எந்தத் திசை நோக்கித் தொழுவது? நம் நாட்டு அறிஞர்கள் உட்கார்ந்து பேசி வழிகாட்டி நூலே வெளியிட்டார்கள். ராக்கெட் கிளம்பிய ஊரின் நேரத்தைப் பின்பற்றலாம் என்பது அதில் வந்த விடை. அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே யோசனை.

தை மாதத்துப் பௌர்ணமியும் பூச நட்சத்திரமும் கூடும் நாள் தைப்பூசம். செவ்வாயின் ஓர் ஆண்டு நம் கணக்கில் 687 நாள், ஆகவே தை பிறக்கவே நம்மைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காலம் காத்திருக்க வேண்டும். பௌர்ணமி அதற்கு நேர்மாறு. அங்கே பெரிய நிலா போபோஸ். ஏழு மணி 39 நிமிடத்தில் ஒரு சுற்று முடித்துவிடும், செவ்வாய் தன்னைத்தானே சுற்றுவதைவிட வேகமாக. அதனால் அது மேற்கே உதித்துக் கிழக்கே மறையும். 27 நட்சத்திரத்தையும் அந்த ஏழே முக்கால் மணிக்குள் கடக்க வேண்டும் என்றால் பூசத்தில் நிற்பது சுமார் 17 நிமிடம்தான். பதினேழு நிமிடத்தில், பத்துமலையில் இருப்பதுபோல் 272 படி ஏறிவிட முடியுமா?

ஒருவேளை முடியலாம். ஈர்ப்பு இங்கே இருப்பதில் 38 சதவீதம்தான், ஐந்து கிலோ பால்குடம் இரண்டு கிலோவுக்கும் குறைவாகக் கனக்கும். ஆனால் பால் தளும்புவது மாறிவிடும். இங்கே சளக் சளக்கென்று விளிம்பில் மோதுவது, அங்கே சோம்பலாக எழும்பி மெல்ல விழும். தலையில் குடத்தோடு நடப்பவருக்குப் புதிய நடை ஒன்று வேண்டும். அங்கே பிறந்த பிள்ளைகள் அந்த நடையைத்தான் இயல்பு என்று நினைப்பார்கள், பத்துமலைக்கு வந்தால் முதல் படியிலேயே மூச்சு வாங்கும்.

அம்மாவிடம் சொன்னேன். "முருகன் அங்கயும் இருப்பான், நேரத்த அவன் பாத்துக்குவான்" என்றார். பாட்டி, கோலாலம்பூர் நேரப்படி வைத்துக்கொள்ளலாம் என்கிறார். நேரம் தள்ளி வைக்கப்படுவதைப் பார்த்தவர் சொல்வதால் அதை என் நோட்டில் குறித்திருக்கிறேன்.

தமிழில் எங்கே ஆரம்பிக்கலாம்?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயை ஒருமுறை சந்தித்துவிட்டால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். எழுதியவர் பொறியாளர், அதனால் இயந்திரம் எப்படி யோசிக்கும் என்பதில் ஒரு நேர்மை இருக்கும். மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் பக்கத் தமிழ்ப் புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் பழைய அறிபுனை வேண்டுமென்றால் தாமான் ஜெயா நிலையத்தில் இறங்கி, அம்கோர்ப் மாலின் வார இறுதிப் பழம்பொருள் சந்தைக்குப் போங்கள். அட்டை கிழிந்த நல்ல புத்தகங்கள் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். யாரோ பென்சிலில் ஓரத்தில் எழுதிய குறிப்போடு கிடைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

இதனால் படிப்பு கெடாதா?

கெடவில்லை. இயற்பியலை நான் பாடமாக எடுத்ததே இதனால்தான்.

நீயும் எழுதுகிறாயா?

எழுதுகிறேன். தொலைந்துபோன அந்த அரை மணி நேரத்தில் பிறந்துவிட்ட ஒரு பெண்ணின் கதை. ஜாதகம் கணிக்க வந்த பெரியவர், இந்த நாட்டுக் கடிகாரம் எந்தெந்த ஆண்டு எவ்வளவு நகர்ந்தது என்று தனி நோட்டே வைத்திருக்கிறார், அதைப் பார்த்துத்தான் லக்கினம் போடுவார். இவள் பிறந்த நேரத்துக்கு அந்த நோட்டில் வரியே இல்லை. அவள் வளர்ந்து பால்மரக் காட்டுக்குள் போகிறாள். அங்கே இருட்டு மற்ற இடத்தைவிட அரை மணி நேரம் அதிகமாக இருக்கிறது. இங்கே நின்றுபோயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பாட்டிக்கு வாசித்துக் காட்டுகிறேன், அவர் ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் கையில் விளக்கு இருக்கிறதா என்று கேட்கிறார். இன்னும் முடிவு செய்யவில்லை.

ரயிலில் அந்த முன் இடத்தை எனக்கு விட்டுக் கொடுப்பாயா?

சிறு பிள்ளையோடு வந்தால் கேட்கவே வேண்டாம், நகர்ந்துவிடுவேன். தனியாக வந்தால் டாமாய் தாண்டும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் இடம் மாறிக்கொள்வோம், பசார் செனி ஏற்றம் உங்களுக்கு.